பல்லில் கம்பி

பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் மகன் வாய்ச்சோற்றோடு சிரித்துவிட்டான். ஐம்பத்திரண்டு வயது அவளுக்கு. எத்துப்பல்லை உதட்டால் இழுத்து மூடியே பாதி ஆயுசு போயிருந்தது. ரயில் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே, முகம் தெரியாத இடமாகப் பார்த்து அறிவிப்பு அறையில் உட்காரவைத்தார்கள். இருபத்தெட்டு வருஷமாக ஊரே அவள் குரலைக் கேட்டது. ஆளை யாரும் பார்த்ததில்லை.

இந்த வயதில் யாருக்குக் காட்ட என்று கேட்டார் கணவர். எலும்பெல்லாம் இறுகிப்போயிருக்கும், பல் நகராது, விழத்தான் செய்யும் என்றாள் நாத்தனார். இவளோ இதையெல்லாம் பல் மருத்துவரிடம் முன்பே கேட்டிருந்தாள். அந்த மருத்துவருக்கு மகள் வயதுதான் இருக்கும். படம் போட்டுக் காட்டினார்: கிருமியோடு சண்டை போடும் காவல் செல்களுக்கு அழுத்தமும் தெரியுமாம். கம்பி நெருக்கும்போது, அமுங்குகிற பக்கம் அவை சேதி சொல்லி எலும்பைக் கரைக்கும் செல்களை வரவழைக்கும். இழுபடும் பக்கம் புது எலும்பு வளரும். "வயசானா மெதுவாத்தான் நடக்கும்மா. ஆனா நடக்கும். எலும்புக்கும் உயிர் இருக்கு."

முதல் வாரம் எதையும் மெல்ல முடியவில்லை. வலி காதுவரை தெறித்தது. வலிக்க வலிக்க, உள்ளே வேலை நடக்கிறது என்று பல்லைக் கடிக்காமலே பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒலிபெருக்கியில் 'ச' எல்லாம் சீறியது. மேலாளர் கூப்பிட்டனுப்பினார். பயணிகளுக்குப் புரியவில்லையாம். கம்பியைக் கழற்று, இல்லாவிட்டால் கீழ்த்தளக் கோப்பு அறைக்குப் போ என்றார், பூசி மெழுகாமல். முன்பென்றால் தலையாட்டிவிட்டு வந்திருப்பாள்.

"கழட்ட மாட்டேன் சார். கோப்பு அறைக்கும் போக மாட்டேன். விசாரணை ஜன்னல் ரெண்டு மாசமா காலியா கிடக்கு. அதைக் குடுங்க. நேர்ல பேசினா புரியும்."

"அங்க ஜனங்க முகத்தைப் பார்த்துப் பேசணும்மா."

"பார்க்கட்டுமே."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். கடைசியில் பதினைந்து நாள் பார்க்கலாம், ஒரு புகார் வந்தாலும் கீழ்த்தளம்தான் என்றார்.

திங்கட்கிழமை காலை ஜன்னலைத் திறந்தாள். முதலில் நின்றவர் பெட்டியைக் கீழே வைத்தார். அவள் வாயையே பார்த்துக்கொண்டு, கேட்கவந்ததை மறந்து நின்றார்.

"எங்க போகணும், சொல்லுங்க."

கம்பியில் வெயில் பட்டு மின்னியது. பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். அவள் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.