பின்சீட்டுப் பேச்சு

கார் ஓட்டுகிறவர்களுக்குள் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். முதலாளிகள் உள்ளே கூட்டத்தில் இருக்கும்போது, வண்டிகளை மரத்தடியில் நிறுத்திவிட்டு டிரைவர்கள் கதை பேசுவார்களே, அவர்களுக்குத் தெரியாத வீட்டு ரகசியம் உண்டா? எந்த வீட்டில் சொத்துத் தகராறு, எந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் பின்சீட்டில் ஏறி மரத்தடியில் இறங்கிவிடும். பூட்டின் வாயிலிருந்து மட்டும் ஒரு சொல் விழாது.

"உங்க முதலாளி வீட்டுக் கதை ஏதாவது எடுத்து விடேன்பா" என்று கிண்டுவார்கள்.

"எனக்குக் காது ரோட்டுல இருக்குப்பா" என்பார்.

பொய்யில்லை. சாவியைத் திருகியதுமே பின்சீட்டுப் பேச்சு அவருக்கு இன்ஜின் சத்தத்தோடு கலந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "முன்னால இருந்த ஆளு வண்டி நல்லாத்தான் ஓட்டுனான். கேக்கக் கூடாததைக் கேட்டான், அதான் அனுப்பிட்டேன்." மனிதர் அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். எங்கே போகணும் என்று கேட்பார். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவருக்கு ஒரே மகள். முதலாளிக்கும் ஒரே மகள். அவளை இவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் ஒரே வயது. பள்ளிக்கூடம் வேறு வேறு, எழுதியது ஒரே பொதுத்தேர்வு. இரண்டு பேருக்கும் டாக்டராக வேண்டும். பாப்பாவுக்குப் பாடத்துக்கு ஒருவராக வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்தார்கள். பூட்டின் மகளுக்கு அடுப்புக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு மடக்கு நாற்காலி. அதில் உட்கார்ந்தே வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தாள். அவள் படிக்கும்போது அவள் அம்மா சத்தம் வராமல் பாத்திரம் கழுவப் பழகியிருந்தாள்.

தேர்வு முடிவு வந்தது. வேதியியல் காலை வாரிவிட்டது. மற்ற பாடமெல்லாம் நிமிர்ந்து நிற்க, அது ஒன்று மட்டும் படுத்துக் கிடந்தது. மருத்துவக் கல்லூரிக்கு எட்டாது. மகள் அழவில்லை. கேள்வித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, எழுதிய விடைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள்.

"அப்பா, நான் நல்லாத்தான் எழுதினேன். எங்கேயோ தப்பு நடந்திருக்கு."

"திருத்தினவங்கல்லாம் படிச்சவங்கம்மா. அவங்க தப்புப் பண்ணுவாங்களா?"

"ஸ்கூலும் லீவுல பூட்டிக் கிடக்கு. உங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கப்பா. இதுக்கு என்ன பண்ணலாம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

கேட்கிறேன் என்றார். மறுநாள் முதலாளி வந்து ஏறினார். ஒவ்வொரு சிக்னலிலும் கேட்டுவிடலாம் என்று இவர் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்ப்பார். பச்சை விழுந்ததும் விட்டுவிடுவார். சொந்தக் கதையைச் சொன்னால் கை நீட்டுகிறான் என்று நினைத்துக்கொள்வாரோ? கேட்கக் கூடாததைக் கேட்டவனின் ஞாபகம் வேறு வந்து தொலைத்தது. அட, ஒரு வாய் வார்த்தை ஐயா, கேட்டால் தலையா போய்விடும்? ஆபீஸ் வந்தது, முதலாளி இறங்கிப் போனார். சாயங்காலம் திரும்பும்போதும் கேட்கவில்லை.

வீட்டில் மகள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"கேட்டீங்களாப்பா?"

"கேட்டேன்மா. ஒண்ணும் பண்ண முடியாதாம். போட்டது போட்டதுதானாம்."

எப்படித்தான் அந்த வார்த்தை வாயில் வந்ததோ. காத்து நின்றவளைப் பார்த்து, கேட்கப் பயந்துவிட்டேன் என்று சொல்ல ஒரு அப்பனுக்கு வாய் வரவில்லை. மகளின் முகம் விழுந்துவிட்டது. கேள்வித்தாளை மடித்துப் பரணில் வைத்தாள்.

அதே வாரம் பாப்பாவையும் அவள் அம்மாவையும் ஏதோ ஒரு பெரிய அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசல் முழுக்கப் பிள்ளைகளும் பெற்றவர்களுமாக ஒரே கும்பல். "இன்னைக்கு விட்டா அவ்வளவுதான், சீக்கிரம் இறங்கு" என்று முதலாளியம்மா மகளை அவசரப்படுத்தியது வழக்கம்போல இன்ஜின் சத்தத்தோடு போயிற்று. இவர் வண்டியை நிழலில் போட்டு, துணியை நனைத்து, முன்கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து வைத்தார். இருவரும் சிரித்த முகமாகத் திரும்பி வந்தார்கள். கதவைத் திறந்துவிட்டார்.

பாப்பா டாக்டருக்குப் படித்தாள். பூட்டின் மகளிடம், அடுத்த வருஷம் மறுபடி எழுதிப் பார் என்று யாரோ சொன்னார்கள். அதற்குள் அம்மா படுத்த படுக்கையானாள். மகள் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வேலையிலேயே நின்றுவிட்டாள். நின்றுவிட்டாள் என்பது சரிதான், காலையிலிருந்து கடை மூடும்வரை நிற்கத்தான் வேண்டும். டாக்டர்கள் எழுதி அனுப்பும் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பாள்.

வருஷங்கள் ஓடின. பாப்பாவை இப்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் பூட்டுதான். ஒரு நாள் அவளோடு ஒரு தோழியும் வண்டியில் வந்தாள். தோழியின் தம்பிக்குத் தேர்வில் மார்க் குறைந்துவிட்டதாம், அறையைச் சாத்திக்கொண்டு அழுகிறானாம்.

பாப்பா சிரித்தாள். "இதுக்கா அழறான்? எனக்கும் கெமிஸ்ட்ரில இப்படித்தான் ஆச்சு. அப்பா உடனே மறுகூட்டலுக்குப் போடச் சொன்னார். பாத்தா, கடைசிப் பக்கத்தைக் கூட்டவே மறந்திருக்காங்க. அந்த வருஷம் நிறையப் பேருக்கு அப்படித்தானாம். கேட்டவங்களுக்கெல்லாம் ஏறுச்சு. எங்களை அங்கே கூட்டிட்டுப் போனதே டிரைவர் அங்கிள்தான். இல்ல அங்கிள்?"

"ஆமா பாப்பா" என்றார்.

அத்தனை வருஷமாக ரோட்டில் கிடந்த காது அந்த நிமிஷம் பின்சீட்டுக்குத் திரும்பிவிட்டது. கேட்டவங்களுக்கெல்லாம் ஏறுச்சு. சிக்னலில் பச்சை விழுந்தது, வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கும்பல் நின்ற அந்த அலுவலக வாசல் அவர் கண்ணுக்குள் வந்தது. எதற்கு வந்திருக்கிறோம் பாப்பா என்று கேட்டிருந்தால் அந்தப் பிள்ளையே சொல்லியிருக்கும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேனே பாவி என்று நொந்தபடி வண்டியை எடுத்தார்.

வீட்டுக்குப் போனபோது மகள் வேலை முடிந்து வந்து, அதே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கால்களை வெந்நீரில் வைத்திருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மாடி, அன்னைக்கு உன் மார்க்குக்கு... நான் முதலாளிகிட்ட..."

"கேக்கல. தெரியும்பா."

அவர் நிமிர்ந்தார்.

"லீவு முடிஞ்சு சர்டிபிகேட் வாங்க ஸ்கூலுக்குப் போனேன்ல, டீச்சர் சொன்னாங்க. மறுகூட்டலுக்குப் போடலையா, நாள் போயிருச்சேன்னு. நீங்க கேட்டிருந்தா உங்க முதலாளி அதைத்தானே சொல்லியிருப்பாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கடையில் மாத்திரையை எப்போது போடவேண்டும் என்று சொல்வாளே, அதே குரலில் சொன்னாள்.

"இத்தனை வருஷமா வாயைத் திறக்கலையேம்மா நீ. என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே."

மகள் துண்டை எடுத்து ஒவ்வொரு காலாகத் துடைத்தாள்.

"சொல்லியிருந்தா, மறுநாள் அந்த வண்டியை நீங்க எப்படிப்பா எடுப்பீங்க?"

அவர் எழுந்தார். அவள் கால் கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

காலையில் பாப்பா வந்து ஏறினாள். "போலாம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு போனில் யாருடனோ பேச ஆரம்பித்தாள். அவர் சாவியைத் திருகினார். இன்ஜின் ஓடத்தான் செய்தது. பின்சீட்டில் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்டது.