முன்கையில் ஒட்டிய முத்திரை

முத்திரை கிடைத்த ஆறாம் நாள், பகல் பதினொன்றரை மணிக்கு, விற்றுப்போன ஆரஞ்சு ஜாம் புட்டிகளில் முப்பத்தெட்டு தெருவுக்கே உருண்டு வந்து சேர்ந்தன. ஒன்றுகூட உடையவில்லை. முதல் புட்டி தன் கடை வாசலில் நின்று, தான் சைக்கிளை நகர்த்திய பிறகுதான் மேலே போனது என்று பஞ்சர் கடைக்காரர் இன்றும் சொல்வார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம். இது மீதிப் பாதி.

ஜாம் காய்ச்சுவது ஒரே வீடுதான், பெருமை மட்டும் தெரு முழுவதற்கும். இந்தத் தெருவில் காய்ச்சியதற்கு மட்டுமே இந்தப் பெயர் என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் பிறப்பிட முத்திரைக்காக அவர்கள் நாலு வருஷம் அலைந்தார்கள். முத்திரை அதிகாரி வந்து லேபிளின் எழுத்து உயரத்தை அளவுகோலால் அளந்தார். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானதை முதலில் போடுங்கள் என்றார். ஆரஞ்சுக்கு முன்னால் சர்க்கரை வந்து நின்றதில் மூத்த மருமகளுக்கு ஒரு வாரம் தூக்கம் போயிற்று. அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். விண்ணப்பத்தில் கிணற்றுத் தண்ணீர், கொல்லையிலிருக்கும் மரங்கள், கை வைத்தவர்களின் பெயர்கள் என்று மூன்று பக்கம் எழுதியவள், இளைய மருமகளின் பெயரை மட்டும் விட்டுவிட்டாள். இளையவள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரி. இருபத்தாறு வருஷம் ஆகியும் தெருவுக்கு அவள் 'வந்தவ'தான். மூத்தவளும் வாழ வந்தவள்தானே என்று கேட்டுவிடக் கூடாது. அவள் மூன்று வீடு தள்ளிப் பிறந்தவள். அதற்குப் பெயர் பாரம்பரியம்.

வந்தவளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை, இப்போது முத்திரையும் அச்சான லேபிள். சுருளிலிருந்து பத்துப் பத்தாக உரித்து இடது முன்கையில் வரிசையாக ஒட்டிக்கொள்வாள். அங்கிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் புட்டியில் வைத்துத் தேய்ப்பாள். பசை கொஞ்சம் அடங்கும், லேபிள் சுருங்காது. முடி உதிர்ந்து அந்தக் கை மட்டும் குழந்தைக் கை மாதிரி வழவழவென்று இருந்தது.

புட்டிகள் திரும்பி வந்ததை, இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டுமா என்று அதிகாரி கோப்பில் ஏற்றினார். மூடி திறந்த புட்டி நகர்வதில்லை என்று தெரிந்ததும், கடைகளில் விற்கும்போதே திறந்து கொடுத்தார்கள். திறக்காதவை ஓடிவிடாமல் இருக்க, ஜாம் தெரு இருக்கும் திசையைப் பார்த்த பக்கமாக அலமாரியில் ஒரு மரச்சட்டம் அடித்தார்கள். அதையும் தாண்டி நாளுக்குப் பத்துப் பதினைந்து வந்துவிடும். கண்ணாடி உரசும் சத்தத்தில் தெருவில் ஒருவராலும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

வந்தவளால் அதற்கு முன்பே முடியவில்லை. அவள் மகள் எட்டு மணி நேர பஸ் தூரத்தில் இருந்தாள். மகளின் முதல் பிரசவம் முதல் ஆய்வோடு வந்து மோதியது. லேபிள் கோணினால் முத்திரை போச்சு என்று மூத்தவள் விடவில்லை. அந்தக் குழந்தை இரண்டு நாள்தான் இருந்தது. அதன்பிறகு மகள் போனில் வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசினாள். இப்போது மறுபடி ஒன்பதாம் மாதம்.

"இந்தத் தடவை நீ வருவேன்னு நான் யார்கிட்டயும் சொல்லி வைக்கலம்மா" என்றாள்.

மூத்தவளிடம் கேட்டபோது அவள் சிரித்தாள். "போயேன், யார் புடிச்சா? தெனம் கையில முத்திரைய ஒட்டிக்கிறவ நீ. எல்லைக்கல்லத் தாண்டுனா நீயும் உருண்டுதான் வரணும்."

கேலிதான். ஆனால் வாசலில் புட்டிகள் வந்து இறங்குவதைத் தினமும் பார்க்கிறவளுக்கு அது கேலியாகப் படவில்லை. அந்த வாரம் ஆறு தடவை எல்லைக்கல் வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். முத்திரை இழுத்ததா பயம் இழுத்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆறு தடவை என்று எண்ணிச் சொல்ல எதிர்வீட்டு ஜன்னல்கள் இருந்தன.

வலி எடுத்துவிட்டதென்று மருமகன் போன் செய்தபோது அவள் முன்கையில் பத்து லேபிள்கள் இருந்தன. அப்படியே எழுந்தாள்.

"அக்கா, நான் கெளம்புறேன். உருண்டு வந்தா அடுக்கி வைங்க."

எல்லைக்கல் வந்தபோது பஸ் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் இழுக்கவில்லை. கண்டக்டர்தான் டிக்கெட்டுக்குத் தோளைத் தட்டினார்.

அதே நேரத்தில் ஜாம் வீட்டுச் சரக்கறையில் இருந்த நானூறு புட்டிகளும் கதவை முட்டின. மூத்தவள் கொஞ்ச நேரம் முதுகு கொடுத்துப் பார்த்தாள். பிறகு, கதவு புதுசு என்பதால் திறந்துவிட்டாள். அவை பஸ் போன வழியே போயின.

பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. மூன்றாம் நாள் மகள் வீட்டு மாடிப்படியில், படிக்குப் பதினாறாக, புட்டிகள் வந்து நின்று அமைதியாயின.

"நீ மட்டும் வருவேன்னு நெனச்சேன்" என்றாள் மகள். சிரித்து வெகு காலம் ஆகியிருந்ததால் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

அதிகாரி அளவுகோலோடு வந்து இளையவளுடைய முன்கையை அளந்தார். புட்டியில் ஏறுவதற்கு முன்னால் முத்திரை ஒட்டியது அங்கேதான். இத்தனை நாளும் புட்டிகள் தேடி வந்தது தெருவை அல்ல. அவள் தெருவைவிட்டு நகராததால் அது யாருக்கும் தெரியாமல் போயிற்று. பிறப்பிடம் என்ற இடத்தில் தெருவின் பெயரை அடித்துவிட்டு, 'இளைய மருமகள் இருக்கும் இடம்' என்று குறித்துக்கொண்டார். இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் அச்சிட வேண்டும் என்றார்.

ஒன்பதாம் நாள் மூத்தவளே பஸ் ஏறி வந்தாள். மடியில் ஆரஞ்சுப் பெட்டி, அதன்மேல் புது லேபிள் சுருள். குழந்தையைப் பார்த்தாள், யாருடைய மூக்கு என்று தீர்ப்புச் சொன்னாள், பிறகு புட்டிகளுக்கு நடுவே படியில் உட்கார்ந்தாள்.

"எப்ப வர?"

"பாப்பாவுக்குத் தலை நிக்கட்டும்க்கா."

லேபிள் பிரிக்கக் கத்தரிக்கோல் இருக்கிறதா என்று கேட்டாள் மூத்தவள். அந்த வாரமே கடைக்காரர்கள் அலமாரியின் மரச்சட்டத்தைப் பிடுங்கி மறுபக்கம் அடித்தார்கள்.