சிவப்பு ரப்பர் பேண்ட்

நெட்வொர்க்கிங் செய்முறைத் தேர்வில் தோற்ற மணிமேகலை, மறுமதிப்பீடு கேட்டு மனுப் போட்டிருந்தாள். பக்கத்து மேசையில் தேர்வு செய்து பாஸான பிரகதீஸ்வரியையும் துணைக்கு அரிமளத்திலிருந்து திருக்கோகர்ணத்துத் தேர்வு மையத்துக்குக் கூட்டி வந்தாள்.

"நான் கேபிள் போட்டேன் சார். கனெக்‌ஷன் வந்து லைட்கூட எரிஞ்சுச்சு. இவளும் பாத்தா."

"நான் திருத்த வந்தப்ப அது கொக்கியில தொங்குச்சும்மா. அப்படியே எடுத்து வச்சிருக்கேன்." தேர்வாளர் கேபிளை நீட்டினார். அழகாகச் சுருட்டி, சிவப்பு ரப்பர் பேண்டால் கட்டியிருந்தது.

பிரகதீஸ்வரியின் கை தன் சடை நுனியிலிருந்த சிவப்பு ரப்பர் பேண்டைத் தொட்டது. பயிற்சி வகுப்பில் கடைசியாகக் கிளம்புகிறவர்தான் எல்லாக் கேபிளையும் கழற்றிச் சுருட்டிக் கொக்கியில் மாட்ட வேண்டும். தேர்வன்று அவளுடைய மேசையைத் தேர்வாளர் திருத்தி முடித்ததும், பாழாய்ப்போன கை, பழக்கத்தில் பக்கத்து மேசைக் கேபிளையும் கழற்றியிருக்கிறது. தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் கேபிள் கட்டுகிறவள் வகுப்பிலேயே அவள் ஒருத்திதான்.

"யாராச்சும் கழட்டியிருந்தா சொல்லுங்க. ஆனா அடுத்தவங்க மேசையத் தொட்டதுக்கு அவங்க பாஸும் ரத்தாயிரும்," என்றார் தேர்வாளர்.

பிரகதீஸ்வரி சடையை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். இந்தப் பாஸை வைத்துத்தான் திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும்.

மணிமேகலை ரப்பர் பேண்டைப் பார்த்தாள். அப்புறம் தோழியின் சடையைப் பார்த்தாள். மெதுவாக ரப்பர் பேண்டை உருவிக்கொண்டு, கேபிளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான்தான் போட மறந்துட்டேன் சார். மனு வேண்டாம்."

பஸ் ஸ்டாப் வரைக்கும் மணிமேகலை முன்னால் நடந்தாள். பஸ் வந்ததும் பிரகதீஸ்வரியின் உள்ளங்கையில் ரப்பர் பேண்டை வைத்தாள்.

"நீ ஏறு. நான் அடுத்த பஸ்ஸுல வாரேன்."