அம்சா பொறுக்கிய ரூபாய்

மனுஷனுக்கு ஒரு பைத்தியமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொழுது போகாது என்பது சீனுவாசனின் கட்சி. விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். ஊரில் சிலருக்குச் சீட்டு, சிலருக்கு நாடகம், அவருக்கு வெள்ளி ரூபாய். ராணி தலை போட்டது, மொட்டை ராஜா தலை போட்டது, கிரீடம் வைத்த ராஜா தலை போட்டது என்று வருஷத்துக்கு ஒன்றாக ஒரு தகரப் பெட்டியில் துணி சுற்றி அடுக்கி வைத்திருந்தார். அந்த ரூபாய்கள் கடைவீதியில் செல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஊரெல்லாம் அவற்றை உருக்கிக் கொலுசு பண்ணிக்கொண்டிருந்த காலத்தில், இவர் மட்டும் வெளிச்சத்தில் பிடித்து வருஷம் படித்துக்கொண்டிருந்தார்.

கிரீடம் வைத்த ராஜா வரிசையில் ஒரே ஓர் இடம் காலி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று. அந்த வருஷம் அடித்த ரூபாயில், ராஜாவின் அங்கியில் மார்புப் பக்கமாக ஒரு சின்ன யானை உண்டு. அச்சு வெட்டியவன் யானையை நேரில் பார்த்தவன் இல்லை போலிருக்கிறது. தும்பிக்கை குட்டையாகிப் போய், பார்த்தவர்கள் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. பன்றி போட்ட காசை எப்படித் தொடுவது என்று எங்கு பார்த்தாலும் முணுமுணுப்பு. சர்க்கார் வெளியே விட்டதை வாங்கி, விடாததையும் சேர்த்து உருக்கிவிட்டு, அடுத்த வருஷம் தும்பிக்கையை ஒழுங்காக நீட்டி அடித்தது. தப்பிப் பிழைத்தவை சொற்பம். அதற்குப் பெயரே பன்னி ரூபாய்.

இந்தக் கதையை அவர் சொல்லிச் சொல்லி மனைவி அம்சாவுக்கு மனப்பாடம். அம்சா காணை ஊர்ப் பெண். பள்ளிக்கூடம் போகாதவள், ஆனால் வாய்க்குக் குறைவில்லை. அடுத்த வீட்டுக்காரிகள் புருஷனை நச்சரித்து நகை சேர்க்கிறார்கள், என் வீட்டுக்காரர் நகையை உருக்குகிற கடையில் போய்ப் பன்னி தேடுகிறார் என்று ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு முன்னால் தலை வாரி, பூ வைத்து, வாசலில் நிற்பாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. பூட்டிக்கொண்டு கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும்.

போகிற இடம் திண்டிவனம். அங்கே தாண்டவராயன் என்ற பத்தர், பழைய வெள்ளி வாங்கி உருக்கும் பட்டறை வைத்திருந்தார். மல்லாட்டை என்கிற நிலக்கடலை விதைக்கிற பருவம் வந்தால் விதைக்கும் உரத்துக்கும் குடியானவர்கள் வீட்டு வெள்ளியை விற்பார்கள். கோலியனூரில் விற்றாலும் கிளியனூரில் விற்றாலும் சின்னக் கடைக்காரர்கள் எல்லாரும் கடைசியில் மூட்டை கட்டித் தாண்டவராயனிடம்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள். கொலுசு, காப்பு, மெட்டி, அரைஞாண், நசுங்கிய குங்குமச் சிமிழ், நடுவே கைப்பிடி கைப்பிடியாக ரூபாய். திங்கட்கிழமை உலை மூட்டினால் எல்லாம் ஒரே குழம்பு. அதற்குள் ஞாயிற்றுக்கிழமை இவர்கள் பார்த்துவிட வேண்டும். எடுக்கிற ரூபாய்க்கு வேறொரு வெள்ளி ரூபாயை வைத்துவிட வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். எடை ஒன்றுதானே, எனக்கென்ன என்பார் பத்தர்.

பாசஞ்சர் வண்டியில் ஜன்னலோரம் எப்போதும் அம்சாவுக்கு. முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் மடியில் இருக்கிற வறுத்த மல்லாட்டையை உடைத்துத் தின்ன ஆரம்பித்துவிடுவாள். தோலை வெளியே போட்டால் காற்றில் திரும்பி வருகிறது என்று, பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் புருஷனின் சட்டைப் பையில் போடுவாள். மயிலம் வரும்போது மலையைப் பார்த்து ஒரு கும்பிடு. இறங்கும்போது அவருடைய பை உப்பியிருக்கும். அவர் கோபித்துக்கொள்வதாகப் பாவனை செய்வார். அந்தப் பாவனையை நம்ப அந்த வண்டியில் ஒருவரும் இல்லை.

பட்டறையில் கோணியை விரித்து ரூபாயைக் கொட்டுவார்கள். அவர் ரூபாயின் முதுகைப் பார்ப்பார், வருஷம் படிக்க. அவள் முகத்தைப் பார்ப்பாள், யானையைப் பார்க்க. எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, தும்பிக்கை தெரியாதா.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம். அன்றைக்கு வந்த குவியல் பெரிது. மத்தியானத்துக்குமேல் சீனுவாசனுக்கு இடுப்பு விட்டுப்போய், சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அம்சா கூப்பிட்டாள்.

"ஏங்க, இதுக்குத் தும்பிக்கையக் காணோம்."

தேய்ந்திருக்கும், கீழே போடு என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"தேயலங்க. மத்ததெல்லாம் பளிச்சுனு கீது. மூஞ்சி மட்டுந்தான் அது மூஞ்சி மாதிரி இல்ல."

வாங்கித் திருப்பினார். பதினொன்று. அவர் எழுந்த வேகத்தில் மேலே தொங்கிய தராசுத் தட்டு நெற்றியில் இடித்தது. வலித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தாண்டவராயன் ஓடிவந்து பார்த்துவிட்டு ஆளனுப்பி மூன்று கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். சீனுவாசன் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். அம்சா சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது.

தகராறு வீட்டுக்கு வந்தபின்தான் ஆரம்பித்தது. தகரப் பெட்டியைத் திறந்து, காலி இடத்தைத் துடைத்து, கையை நீட்டினார். அம்சா கொடுக்கவில்லை. நான் பொறுக்கியது, என்னுடையது என்று இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையில் போட்டு வாயை இழுத்துக் கட்டிவிட்டாள். பாக்கும் காசுமாகக் கிடக்கிற பை. பாக்கோடு உரசினால் கோடு விழுமே என்று அவர் கெஞ்சினார்.

"எனக்குந்தான் மூஞ்சில கோடு விழுது. அதுக்கு இன்னா பண்ணப்போறீங்க?"

அன்றிலிருந்து அந்த ரூபாயைப் பார்க்க வேண்டுமானால் அவளிடம் மனுப்போட வேண்டும். ஒரு முழம் கதம்பத்துக்கு ஒரு தடவை காட்டுவாள். கோபமாக இருந்தால் காட்டமாட்டாள். தேடுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்றாலும் ஞாயிற்றுக்கிழமை வண்டி நிற்கவில்லை. எதற்குப் போகிறோம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. நன்றாக வாழ்ந்த காலத்துக்கு அப்படித்தான், காரணம் எல்லாம் தேவைப்படுவதில்லை.

அறுபத்து மூன்று கார்த்திகையில் தம்பி பச்சைமுத்துவின் மகளுக்கு விசேஷம் என்று அம்சா காணைக்குப் போனாள். முதலில் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னான். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் பஸ் ஏறுவதற்குள் இன்னொரு ஆள் வந்துவிட்டான்.

அவர் காணையில் போய் இறங்கியபோது வாசலில் பந்தல் போட்டு, குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்துக் கிடத்தியிருந்தார்கள். சுமங்கலி என்பதால் குங்குமம் பெரிதாக. அதற்குமேல் நெற்றியில் சந்தனம் குழைத்து ஒரு வெள்ளி ரூபாயை ஒட்டியிருந்தார்கள். செத்தவர் நெற்றியில் காசு வைப்பது வழக்கம். யார் வீட்டில் இப்போது வெள்ளி ரூபாய் இருக்கிறது என்று பெண்கள் தவித்திருக்கிறார்கள். கடைசியில் அவள் இடுப்புப் பையிலேயே ஒன்று அகப்பட்டிருக்கிறது. மகராசி, தன் காசைத் தானே கொண்டுவந்திருக்கிறாள் பாருங்கள் என்று ஒருத்தி அவரிடம் சொல்லி அழுதாள்.

ராஜா தலை மேலாக இருந்தது. சீனுவாசன் பார்த்தார். தன்னோடு இருபது வருஷம் வாழ்ந்தவளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், கண் அந்தக் காசின்மேல் போனது. அந்த வெட்கத்தை அவர் சாகிறவரைக்கும் மறக்கவில்லை. வேறு ரூபாய் வைக்கலாம், என்னிடம் பெட்டி நிறைய இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரவில்லை. பெண்டாட்டி போன நேரத்திலும் இவனுக்குக் காசு என்று ஊர் சொல்லுமே என்ற பயம் பாதி. ஊர் சொல்வது சரிதானோ என்ற பயம் மீதி.

சுடுகாட்டில் முகம் மூடுவதற்குமுன் நெற்றிக்காசை வெட்டியான் எடுத்துக்கொள்வார். அது அவருக்குப் பாத்தியப்பட்டது. காணை வெட்டியான் கண்ணையன் எடுத்து வேட்டி மடியில் வைப்பதைச் சீனுவாசன் கொள்ளிச்சட்டியோடு நின்று பார்த்தார்.

காரியம் எல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் பச்சைமுத்துவிடம் மெதுவாகப் பேச்சைத் தொட்டார். அந்தக் காசுக்குப் பதில் வேறு காசு கொடுத்து வாங்க முடியுமா, அது அவள் பொறுக்கியது என்றார்.

"நெத்தியில வச்சதத் திருப்பிக் கேக்கக் கூடாது மாமா. கேட்டா எங்க அக்கா அங்க வெறுங்கையோட நிக்கும்."

அவர் சாமி பூதம் என்று அதிகம் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் அம்சா எங்கோ வெறுங்கையோடு நிற்பதை ஒரு தடவை நினைத்தபின், கேட்க நா எழவில்லை. கேட்டு வாங்கக் கூடாது, சரி. தானாக வந்தால்? வெட்டியான் என்றைக்காவது விற்பார். விற்றால் வெள்ளி திண்டிவனத்துக்குத்தான் வரும். திங்கட்கிழமை உலைக்குமுன் தான் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை வண்டி மறுபடி ஓடியது. ஜன்னலோர இடம் காலியாக இருந்தாலும் அதற்குப் பக்கத்து இடத்தில்தான் உட்கார்ந்தார். தாண்டவராயனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வருகிற ரூபாயை எல்லாம் ஒரு தாம்பாளத்தில் தனியாக எடுத்து வைப்பார். இப்போது சீனுவாசன் வருஷம் படிப்பதில்லை. அம்சா மாதிரி யானை மூஞ்சியைப் பார்த்தார். ஒரு ஆடி போனது, இன்னொரு ஆடி போனது. தாம்பாளத்தில் வருகிற ரூபாய் குறைந்துகொண்டே வந்தது. இதற்குள் எந்த மூட்டையிலோ வந்து, எந்தத் திங்கட்கிழமையிலோ உருகி, யார் காலிலோ கொலுசாக நடந்துகொண்டிருக்கும் என்று சில நாள் தோன்றும். தோன்றினாலும் அடுத்த வாரம் வண்டி ஏறிவிடுவார்.

அறுபத்தாறாம் வருஷம் ஆடியில் ஒரு ஞாயிறு. பட்டறைக்கு ஒரு வயசாளியும் ஓர் இளம் பெண்ணும் வந்தார்கள். பெண்ணின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. குழந்தையின் அரைஞாணில் கட்டியிருந்த காசில் வளையம் கழன்றுவிட்டது, பற்ற வைத்துத் தர வேண்டும் என்று பெரியவர் தாண்டவராயன் கையில் கொடுத்தார். தாண்டவராயன் வாங்கி ஒரு தரம் பார்த்தார். பிறகு தாம்பாளத்தைச் சீனுவாசன் பக்கம் தள்ளி, அதில் அந்தக் காசை வைத்தார்.

பதினொன்று. தும்பிக்கை இல்லாத யானை. விளிம்பில் பழைய பற்றுவைப்பு ஈயமாகத் திட்டுக் கட்டியிருந்தது. காசு சேர்க்கிறவன் கணக்கில் அது செத்த காசு. சீனுவாசனுக்கு அது தோன்றக்கூட இல்லை. நிமிர்ந்து பெரியவரைப் பார்த்தார். கண்ணையன். அவருக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. அன்றைக்குப் பார்த்தது மொட்டை அடித்த தலையை, ஈர வேட்டியை.

இந்தக் காசு ஏது என்று சீனுவாசன் கேட்டார்.

"எங்க ஊர்ல ஒரு மகராசி பூவும் பொட்டுமா போனாங்க சார். அவங்க நெத்திக்காசு. நான் மத்ததெல்லாம் வித்துருவேன். இத மட்டும் விக்க மனசு வரல." கண்ணையன் மகளைக் காட்டினார். "இது என் பொண்ணு செண்பகம், கிளியனூர்ல குடுத்துக்கீது. ரெண்டு புள்ள தங்கல. இது பொறந்ததும் அந்தக் காச இடுப்புல கட்டினோம். நின்னுடுச்சி."

தாண்டவராயன் குனிந்து, உலைக்கு ஊதுகிற சாக்கில், சீனுவாசன் காதருகே சொன்னார். வேறொரு ராஜா காசில் வளையம் வைத்துக் கொடுத்துவிடுகிறேன், அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவரும் மூன்று வருஷமாக இந்த மனுஷனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே.

சீனுவாசன் சட்டைப் பையில் மாற்றுக்கென்று கொண்டுவந்த ரூபாய் இருந்தது. கை அதுவரை போனது. கேட்டு வாங்கவில்லை, தானாக வந்திருக்கிறது. ஒரு பாவமும் இல்லை. குழந்தை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பிள்ளை தங்காத வீட்டில் தங்கியது, இப்போது தாய் இடுப்பில் நிலைகொள்ளாமல் துள்ளிக்கொண்டிருந்தது. அம்சா வெறுங்கையோடு நிற்கவில்லை, இவர்கள் வீட்டில் இத்தனை நாள் காவல் நின்றிருக்கிறாள்.

காசைப் பத்தரிடம் நீட்டினார்.

"வளையத்தக் கெட்டியா வைங்க. இனிமே கழலக் கூடாது."

தாண்டவராயன் வாங்கிக்கொண்டார். நெருப்பு சீறியது. சீனுவாசன் முகத்தைத் திருப்பவில்லை, முடிகிறவரை பார்த்தார். பிறகு, அந்தம்மாள் எனக்குத் தெரிந்தவள்தான் என்று பொதுவாகச் சொன்னார்.

செண்பகம் ஆசையோடு முன்னால் வந்தாள்.

"எப்பிடி சார் இருப்பாங்க? தெனம் அவங்களக் கும்பிட்டுக்கினு கீறேன், மொகந்தான் தெரியாது."

எந்த வருஷத்துக் காசுக்கு எந்த இடத்தில் தேய்மானம் என்று மூச்சுவிடாமல் சொல்லக்கூடியவர், இதற்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் திணறினார். மூன்று வருஷத்தில் ஒருவரும் அவரிடம் இதைக் கேட்கவில்லை. மாநிறம் என்றார். சிரித்தால் தெருவே எட்டிப் பார்க்கும் என்றார். பாட்டு வராது, ஆனால் பாடுவாள். புளி அதிகம் போடுவாள். சண்டை போட்டால் இரண்டு நாள் பேசமாட்டாள், மூன்றாம் நாள் தானே வந்து ஒன்றும் நடக்காத மாதிரி வம்பளப்பாள். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. விழுப்புரம் வண்டி போகிற நேரமும் போனது. நடுவில் எங்கேயோ துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கண்ணையனுக்கு அப்போதுதான் அவர் யாரென்று விளங்கியது. எழுந்து, அரைஞாணில் காசைக் கோத்துக் கட்டி, குழந்தையை மகளிடமிருந்து வாங்கினார். ஊர் வழக்கப்படி தள்ளியே நிற்க வேண்டியவர், அதை எல்லாம் யோசிக்காமல் கிட்டே வந்து, பிள்ளையைச் சீனுவாசன் மடியில் உட்கார வைத்தார்.