பீப்பாயை யார் தட்டுவது

பழைய எண்ணெயின் வாடை ஒடிலின் தலைமுடி வரைக்கும் ஏறியிருந்தது. என்ன தேய்த்துக் குளித்தாலும் போவேனா என்றது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பக்கத்தில் உட்கார வந்த பெண்மணி, மூக்கைச் சுளித்துக்கொண்டு அடுத்த வரிசைக்கே போய்விட்டாள்.

ஆகஸ்ட் முழுக்க இதே கூத்துதான். இரண்டு கையிலும் வாளி, வாளி நிறைய பேக்கரியில் விற்காமல் போன டோனட், அதன்மேல் ஓட்டல்காரன் கொட்டிவிடும் எண்ணெய். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வடகோடியில் கரடி வேட்டை சீசன் தொடங்க ஒரு மாதம் முன்பே காட்டில் இரை வைத்துக் கரடியைப் பழக்கலாம். புருஷன் ரோசேருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால், சுமப்பது பெண்டாட்டி என்று ஆகிவிட்டது. அவன் பாதையோரம் வண்டிக்குள் உட்கார்ந்து ரேடியோ கேட்பான். அவள் கொசுக்கடியில் புதருக்குள் நடந்து, தகரப் பீப்பாயில் இரையைக் கொட்டி, கட்டையால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திரும்புவாள். சாப்பாடு வந்தாச்சு, ஆள் போயாச்சு என்று கரடிக்கு அதுதான் சேதி. தட்டாமல் வந்த நாளில் அது எட்டிக்கூடப் பார்க்காது என்பதைக் காட்டில் மாட்டியிருந்த கேமரா காட்டிக்கொடுத்திருந்தது.

நல்ல கரடி. காது கிழிந்த, மலை மாதிரி ஆண். ரோசேர் அதன் படத்தை ஊரெல்லாம் காட்டி "என் கரடி, என் கரடி" என்று பீற்றிக்கொண்டான். உன் கரடியா? நீ ஒரு டோனட்டாவது தூக்கியிருப்பாயா?

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுமந்ததற்குக் காரணம் இருந்தது. "சீசனுக்குள்ள கால் சரியாகலேன்னா, துப்பாக்கியோட மரத்துல நீதான் ஏறி உக்காரணும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனே சொல்லியிருந்தான். அதை நம்பி அவள் வேட்டைத் தேர்வு எழுதினாள், லைசென்ஸ் வாங்கினாள், மணல் குழியில் தோள் கன்றிப்போகச் சுட்டுப் பழகினாள்.

சீசனுக்கு முதல் நாள் சாப்பாட்டு மேஜையில், அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "அர்மான்கிட்ட பேசிட்டேன். நாளைக்கு அவன் ஏறுவான்."

அர்மான் அவன் தம்பி. ஒரு வாளி தொட்டவனில்லை.

"அப்போ நான்?"

"நீ வழக்கம்போல கொட்டிட்டு, தட்டிட்டு, நடந்து வந்துடு. ரெண்டு பேர் போய் ஒருத்தர் திரும்பினா கரடிக்கு எண்ணத் தெரியுமா என்ன?"

"நீதானே சொன்னே, நான் ஏறணும்னு?"

"அடி போடி. அவ்வளவு பெரிய கரடியை நீ தப்ப விட்டுட்டா? ஊர் சிரிக்கும்."

அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. சாப்பிட்ட தட்டை எடுத்துப் பாத்திரத் தொட்டியில் போட்ட வேகத்தில் அது இரண்டாகப் போனது.

மறுநாள் மத்தியானம் அர்மான் வந்தான், புதுச் சட்டை மொடமொடக்க. வாளிகளுக்குப் பின்னால் கைவீசி நடந்து வந்தான்.

"கனமா இருக்கா அண்ணி?"

"இல்லப்பா, பஞ்சு."

அவன் மரத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும், துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி அவள்தான் மேலே அனுப்பினாள். இரையைக் கொட்டினாள். கட்டையைக் கையில் எடுத்தாள். மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதைச் சத்தமில்லாமல் புல்லில் வைத்துவிட்டு நடந்துவிட்டாள்.

"தட்டின சத்தமே கேக்கலையே?" என்றான் ரோசேர்.

"ரேடியோவை அணைச்சா கேக்கும்."

இருட்டியதும் அர்மான் வந்து வண்டிக்குள் விழுந்தான். கொசு கடித்துக் கண்ணிமை வீங்கியிருந்தது. "ஒரு அணில் வந்துச்சு. அதுவும் என்னைப் பார்த்து வைதுட்டுப் போச்சு. அண்ணி தட்டவே இல்லண்ணா!"

ரோசேர் வண்டியைக் கிளப்பாமல் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். "தட்டலையா?"

"இல்ல."

"என்ன விளையாட்டு இது? நாளைக்கு அர்மானை உக்கார வெச்சிட்டு ஒழுங்கா..."

"நாளைக்கு அர்மான் வாளி தூக்கட்டும். அவனே தட்டட்டும். நான் மேல உக்கார்றேன். இல்லேன்னா உன் கரடிக்கு நீயே நடந்துபோய்ச் சோறு போட்டுக்கோ."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"அது உன் பாடு."

அர்மான் கண்ணிமையைச் சொறிந்தான். கடைசியில், "வாளி ரொம்பக் கனமா இருக்குமா அண்ணி?" என்றான்.

ரோசேர் முணுமுணுத்துக்கொண்டே தம்பியின் மடியிலிருந்த துப்பாக்கியை எடுத்து, குண்டு இல்லையென்று பார்த்துவிட்டு, அவள் பக்கம் நீட்டினான்.