எத்தனையாவது ஏன்

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை காலை, பழச்சாறு ஆலையின் இரண்டாம் வரிசையில் மூடி திருகும் இயந்திரம் நின்றது.

அதை ஓட்டும் மூடிக்காரர் வழக்கம்போல மஞ்சள் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் வழக்கம்போல மறுபடி ஓடியது. ஒருவாரமாக இப்படித்தான் நிற்பதும் ஓடுவதுமாக இருந்தது. இந்தமுறை பராமரிப்புப் பொறியாளர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆலையில் அவருக்கு ‘ஏன் சார்’ என்று பெயர். அவர் எதிரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்றாலும் அவருக்கு அது தெரியும்.

“நிறுத்துங்க, பாத்துடலாம்,” என்றார்.

“போச்சு. இன்னைக்கு மெஷினுக்கும் எனக்கும் சேத்து விசாரணை,” என்றார் மூடிக்காரர். பக்கத்து வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஏன் நின்றது? பாட்டில் வருகிறதா என்று பார்க்கும் மின்கண் எதையும் பார்க்கவில்லை. அதன்மேல் ஈரம் படிந்திருந்தது. மேலே குறுக்குக் கம்பியில் சுற்றி வைத்திருந்த கழுவும் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குழாய் ஏன் கம்பியில் தொங்குகிறது? சுவரில் அதற்கென்று இருந்த கொக்கியைக் காணோம். சுவருக்கு வண்ணம் அடிக்க வந்த வெளியாட்கள் கழற்றியிருக்கிறார்கள்.

“யார் கழட்டினதுன்னு எனக்குத் தெரியும் சார். சொல்லட்டுமா?”

“வேணாம். ஆள் பேர் வந்துடுச்சுன்னா நாம தப்பான எடத்துல நிக்கிறோம்னு அர்த்தம். கழட்டினதைத் திருப்பி மாட்டினாங்களான்னு பாக்கச் சொல்லி ஏன் யாருக்கும் வேலை கொடுக்கல? அதைக் கேப்போம்.”

மதியத்துக்குள் கொக்கி வந்தது. வேலை முடிந்த இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வெளியாட்களை அனுப்ப வேண்டும் என்று ஒரு ஏற்பாடும் வந்தது. யாரையும் திட்டவில்லை. இருபது வருட வேலையில் அவருக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள இருந்தது இதுதான். அவர் கேட்டு முடித்த கோளாறு திரும்பி வராது.

மாலையில் குடியிருப்பின் அடித்தளத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சில மாதங்களாக அப்படி உட்காருகிறார். எதையும் நினைப்பதில்லை. தூணில் எழுதியிருந்த வண்டி எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். எஞ்சின் சூடு ஆறும்போது எங்கோ உலோகம் டிக் டிக்கென்று சுருங்கும். அந்தச் சத்தம் நின்றதும் இறங்குவார்.

அன்று வீட்டுக் கதவருகே வந்தபோது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. மகள் யாரையோ போலப் பேசிக் காட்ட, மனைவி மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். சாவியைப் போட்டுத் திருப்பினார். சிரிப்பு நின்றது. கதவைத் திறந்தபோது மகள் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிடும்போது மனைவிதான் ஆரம்பித்தாள். “பரீட்சை முடிஞ்சதும் இவ என் தங்கச்சி வீட்டுக்குப் போய்ப் படிக்கிறேன்னு சொல்றா. தங்கச்சியும் அனுப்புன்னுதான் சொல்றா. ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.”

அவர் தண்ணீர் குடித்தார். “ஏன் போகணும்?”

“சித்தி வீட்டுப் பக்கத்துல ஸ்கூல் நல்லாருக்கு,” என்றாள் மகள்.

“இங்க இருக்கறது ஏன் நல்லா இல்ல?”

“நல்லாதான் இருக்கு.”

“அப்பறம் ஏன்?”

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். குரலில் கோபம் இல்லை. “அப்பா, இது எத்தனையாவது ஏன்?”

மனைவி சட்டென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அவரும் சிரிக்க முயன்றார்.

“ஒரு காரணம் இருக்கும்ல. தெரிஞ்சா சரி பண்ணலாம்,” என்றார்.

“நீச்சல் போட்டி அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க.”

சென்ற ஆண்டு நடந்த போட்டி. விசில் ஊதியபின் மற்றவர்கள் எல்லாரும் குதித்துவிட்டார்கள். இவள் மட்டும் மேடையிலேயே நின்றுவிட்டாள். கார் ஓட்டிக்கொண்டு திரும்பி வரும்போது அவர் கேட்டார். கத்தவில்லை, ஆலையில் கேட்பதுபோலத்தான் கேட்டார். ஏன் குதிக்கல? கால் நகரல. ஏன் நகரல? தெரியல. தெரியாம எப்படி இருக்கும், யோசி. அப்படியே கேட்டுக் கேட்டு, வீடு வருவதற்கு முந்தைய சிக்னலில் அவள் பதில் சொன்னாள்: “ஏன்னா நான் பயந்தாங்கொள்ளி.” அதற்குமேல் அவர் கேட்கவில்லை. காரணம் தெரிந்துவிட்ட நிம்மதி இருந்தது. பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தார்.

“அதுக்கப்பறம் இவ எங்க நீச்சலுக்குப் போனா?” என்றாள் மனைவி. “பை மட்டும்தான் போய்ட்டு வந்தது. நூலகத்துல உக்காந்துட்டு வருவா. உங்ககிட்டச் சொல்லல. சொன்னா ஏன்னு கேப்பீங்க.”

மறுநாள் மாலை காரில் உட்கார்ந்து தன்னைத்தானே கேட்டார். ஏன் மேலே போகாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்? நான் போனால் வீடு அமைதியாகிவிடுகிறது. ஏன் ஆகிறது? நான் கேட்பேன். ஏன் கேட்கிறேன்? அந்தக் கேள்வியில் நின்றார். காரணம் கிடைத்துவிட்டால் அதற்குமேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அழுகிறவளைப் பார்க்க வேண்டியதில்லை. அன்று அவள் அழுதாளா என்று யோசித்தார். தெரியவில்லை. சிக்னலின் சிவப்பு ஞாபகம் இருந்தது. மகளின் முகம் ஞாபகத்தில் இல்லை. ஆலையில் ஆள் பேர் வந்தால் தப்பான இடம் என்பார். காரில் அவள் தன் பெயரையே பதிலாகச் சொன்னபோது அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் தெரிந்தபிறகும் உள்ளே எதுவும் அசையவில்லை. மரத்துப்போன காலைத் தொடுவதுபோல இருந்தது.

கண்ணாடியைத் தட்டிவிட்டு மனைவி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். ஆய்வகத்து வேலை உடுப்பை இன்னும் மாற்றவில்லை. “இங்கதான் இருப்பீங்கன்னு வாட்ச்மேன் சொன்னார். அவருக்குத் தெரியுது, எனக்குத் தெரியல.”

“கண்டுபிடிச்சுட்டேன். கோளாறு எங்கிட்டதான். இனிமே கேக்கமாட்டேன். அவளை இருக்கச் சொல்லு.”

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். “நேத்து சொன்னீங்களே, அந்தக் கொக்கிய மாட்டினா மெஷின் மறுநிமிஷம் ஓடும். அவ அப்படி ஓடமாட்டா. நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம். அதுக்காக அவ இங்க உக்காந்து சோதிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?”

எஞ்சினின் டிக் டிக் ஓய்ந்திருந்தது.

“போகட்டும்னு சொல்லிடு,” என்றார் பிறகு.

ஜூன் முதல் வாரத்தில் மகள் போனாள். காரில் மாட்டும் சிறு பொம்மை ஒன்றை வாங்கித் தந்துவிட்டுப் போனாள். அவர் அதை மாட்டினார். அதன்பின் வந்த நாட்களில் வண்டியை நிறுத்தியதும் நேராக மேலே போனார். சாவியைத் திருப்பும்போது உள்ளே நிற்பதற்கு எந்தச் சத்தமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள்.

“படியில விழுந்துட்டேன்ப்பா. கால் சுளுக்கிக்கிச்சு.”

கேள்வி தொண்டைவரை வந்தது. விழுங்கினார். “வலிக்குதா?”

“கொஞ்சம்.”

மறுமுனையில் அவள் காத்திருந்தாள். அடுத்தது வரும் என்று காத்திருந்தாள். அவருக்கு அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை. சித்தி வீட்டில் எங்கோ குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“அப்பா? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“சரி,” என்றாள். உடனே வைக்கவில்லை. கொஞ்சம் கழித்து வைத்தாள்.

பள்ளி விடுமுறைக்கு அவள் வரவில்லை. மூடி திருகும் இயந்திரம் அந்தக் கோளாறால் மறுபடி நிற்கவில்லை.