உதட்டில் உட்கார்ந்த பூச்சி

திறப்பு விழாவுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களின் அழுக்கை எடுத்துச் சீராக்குவது அவள் வேலை. பன்னிரண்டு வருடமாக வேலை அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தவளை, இன்று மேடையேற்றிப் பேச வைக்கப் போகிறார்கள். எல்லாம் ஓர் ஈயின் புண்ணியம்.

ஈ என்றால் நிஜ ஈ இல்லை, வரைந்த ஈ. எட்டு வருடத்துக்கு முன் சின்ன ஓவியம் ஒன்று அவளிடம் வந்தது. மேலே பூசிய வார்னிஷ் நாள்பட்டு மஞ்சளாகி, படமே மங்கிப் போயிருந்தது. அவள் பஞ்சு பஞ்சாகத் துடைத்து எடுக்க எடுக்க, வெள்ளை விரிப்பில் கண் மூடிய கைக்குழந்தையும், அதன் கீழுதட்டில் ஒரு கறுத்த ஈயும் வெளியே வந்தன. அந்தக் காலத்து ஓவியங்களில் ஈ என்றால் அழுகல், சாவு. ஆக, குழந்தை செத்துவிட்டது, பெற்றவர்கள் நினைவுக்காக வரையச் சொல்லியிருக்கிறார்கள் என்று அண்ணி எழுதினாள். படித்தவர்கள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இப்போது இறந்தவர்களின் ஓவியங்களுக்கென்றே ஒரு கண்காட்சி. வாசல் சுவரொட்டியில் அவளுடைய ஈ, குண்டான் அளவுக்கு!

அண்ணியுடைய கணவனின் தங்கை முன்கூட்டியே வேலை அறைக்கு வந்து சேர்ந்தாள். பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் நாள் முழுக்கப் பூச்சிகளோடு குடித்தனம் நடத்துகிறவள். வீட்டில் அவள் பெயர் வண்டு.

"எங்க அண்ணி, உங்க ஈ? கூட்டம் வர்றதுக்குள்ள நான் பாத்துடறேன்."

"இரு, தூசி எடுத்துடறேன். இனிமேதான் சுவத்துல மாட்டணும்." அண்ணி பஞ்சுக் குச்சியை நாக்கில் தொட்டு, ஓவியத்தை மெல்ல ஒற்றினாள்.

"ச்சீ! எச்சிலா?"

"இதவிட நல்ல மருந்து கடையில கிடைக்காதுடி. எங்க தொழில்ல எல்லாரும் இப்படித்தான்."

வண்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். குமிழைத் திருகித் திருகிப் பார்த்தாள்.

"அண்ணி, இது ஈ இல்லையே."

"போடி, விளையாடாத."

"சத்தியமா! ஈக்கு ரெண்டே றெக்கைதான். இதுக்குப் பின்னாடி இன்னொரு ஜோடி, மங்கலா இருக்கு பாருங்க. மீசை நீளமா, நடுவுல மடிஞ்சிருக்கு. இது தேனீ."

"தேனீன்னா மஞ்சப் பட்டை எங்க?"

"அதத்தான் நானும் கேக்கறேன். தூரிகை போன பள்ளத்துல மட்டும் மஞ்ச ஒட்டிக்கிட்டிருக்கு. மிச்சத்த யாரோ தேய்ச்சு எடுத்திருக்காங்க. எந்தப் பாவி செஞ்ச வேலை இது?"

அண்ணி அலமாரியைத் திறந்து அந்த ஓவியத்தின் பழைய கோப்பு ஒன்றை எடுத்தாள். சுத்தம் செய்யுமுன் எடுத்த படம் இருந்தது. மஞ்சள் மூட்டத்துக்குள் கறுப்புப் பூச்சி, அதன் முதுகில் இன்னும் அடர்ந்த மஞ்சள், வரிவரியாக. கீழே ஒரு குறிப்பு: 'ஈயின் மேல் பிடிவாதமான வார்னிஷ். மூன்று முறை துடைத்து நீக்கினேன்.' சாட்சாத் அவள் கையெழுத்து! ஓவியன் கடைசியாகத் தீட்டிய மெல்லிய மஞ்சளைப் பழைய வார்னிஷ் என்று நினைத்து வழித்து எடுத்திருக்கிறாள். அழுக்கை மட்டுமே தேடுகிற கண்ணுக்கு எல்லாமே அழுக்குத்தான்.

"ஐயையோ, அந்தப் பாவி நீங்களா!" என்று வண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் மூச்சு விட மாட்டேன் அண்ணி. பதினோரு மணிக்கு ஜம்முனு போய்ப் பேசிட்டு வாங்க."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். பெயர், மேடை, சுவரொட்டி எல்லாம் ஒரே நாளில் காற்றில் போய்விடும். பூச்சிக்குப் பூச்சி வித்தியாசம் தெரியாதவள் என்று நாலு பேர் கைகொட்டிச் சிரிப்பார்கள். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் இன்னொன்று அவளை உட்கார விடவில்லை. தூங்கும் குழந்தையின் உதட்டில் தேனீயை வரைந்தால், வளர்ந்து தேனாகப் பேசும் என்று அர்த்தம். அப்படியானால் பெற்றவர்கள் அழுதுகொண்டா வரையச் சொன்னார்கள்? பெருமை பிடிபடாமல் அல்லவா சொல்லியிருக்கிறார்கள்!

"வண்டு, குழந்தை சாகலடி!" துள்ளி எழுந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இதப் பாத்துப் பாத்து எத்தன நாள் அழுதிருக்கேன்! கன்னத்தப் பாரு, எப்படிச் செவந்திருக்கு! என் கண்ணு அவிஞ்சா போச்சு இத்தன நாளா?"

சத்தம் கேட்டு அருங்காட்சியக இயக்குநர் ஓடி வந்தார். அண்ணி மூச்சு விடாமல் கோப்பைக் காட்டினாள்.

"இது சாவுப் படம் இல்ல சார். அது தேனீ. மஞ்சளத் தேய்ச்சு அத ஈயாக்கினது நான்தான்."

இயக்குநர் கோப்பைப் பார்த்தார், நுண்ணோக்கியில் பார்த்தார், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்க பேரே கெட்டுப் போயிடுமேம்மா. கண்காட்சி முடியட்டும், அப்புறமா மெல்லச் சொல்லிக்கலாமே?"

"பேரு போனாப் போகட்டும் சார். அதுவரைக்கும் இந்தப் பச்சப்புள்ளய செத்தவங்களுக்கு நடுவுல தொங்க விட எனக்கு மனசு வராது."

பதினோரு மணிக்கு ஓவியத்தை அவளே தூக்கிக்கொண்டு மேடையேறினாள். எதிரே, சாவுக் கண்காட்சிக்கு ஏற்ற கறுப்பு உடுப்பும் உம்மென்ற முகமுமாகக் கூட்டம். அவளுக்கோ சிரிப்பு அடங்க மாட்டேன் என்றது.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன்," என்று தொடங்கி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கூடம் முழுக்க ஒரே கூச்சல். கேள்வி மேல் கேள்வியாக ஆளாளுக்குக் கத்தினார்கள்.

அண்ணி உதட்டில் விரலை வைத்தாள்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க. குழந்தை தூங்குது."